ஏபிஎன்னில் கை வைக்கும் முன்: மொபைல் இன்டர்நெட் செட்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை பிறந்தால் செட்டிநாட்டில் பூட்டிக் கிடந்த வீடுகள் திறக்கும். சிங்கப்பூர், மலேசியா, சென்னை என்று பிரிந்திருப்பவர்கள் ஊருக்கு வருவார்கள். பொங்கல் கழிந்த முதல் செவ்வாயன்று நாட்டரசன்கோட்டை கண்ணுடைய நாயகி அம்மன் கோயில் முன்னால் செவ்வாய்ப் பொங்கலும் வைப்பார்கள். அந்த நாட்களில் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து மொபைல் கடைகளில் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. "சிம் போட்டாச்சு, டவர் இருக்கு, பேச முடியுது. நெட் மட்டும் வரலை." வெளிநாட்டில் வாங்கிய போனில் இந்திய சிம் போட்டவர்களுக்கும், பழைய போனைப் பெரியவர்களிடம் கொடுத்துவிட்டுப் போனவர்களுக்கும் இது அதிகம் வரும். சரி, ஏபிஎன்னை நாமே எழுதிக்கொள்ளலாம் என்று செட்டிங்கைத் திறப்பார்கள். திறப்பதில் தப்பில்லை. ஆனால் சின்னக் கோளாறு பெரிதாவது பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஏபிஎன் (ஆக்சஸ் பாயிண்ட் நேம்) என்பது ஒரு பெயர், அவ்வளவுதான். உங்கள் போன் டவரோடு பேசியபின், நிறுவனத்தின் வலையமைப்பிலிருந்து இணையத்துக்கு எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்று சொல்லும் பெயர். ஒவ்வொரு சிம்மிலும் நாட்டையும் நிறுவனத்தையும் காட்டும் எண்கள் இருக்கும். இந்தியாவுக்கு அவை 404, 405 என்று தொடங்கும். போன் அந்த எண்ணைப் படித்து, தன்னிடம் உள்ள பட்டியலில் தேடி, பொருத்தமான ஏபிஎன்னைத் தானே போட்டுக்கொள்ளும். பட்டியலில் அந்த நிறுவனம் இல்லாவிட்டாலோ, யாராவது பழைய பதிவை மாற்றி வைத்திருந்தாலோதான் கையால் எழுத வேண்டிய தேவை வரும்.

ஆகவே முதல் தவறு, ஏபிஎன்தான் காரணம் என்று உறுதி செய்யாமலேயே அதை மாற்றுவது. ரீசார்ஜ் முடிந்திருக்கலாம். அன்றைய டேட்டா அளவு தீர்ந்திருக்கலாம். இரண்டு சிம் உள்ள போனில் டேட்டா இன்னொரு சிம்முக்குப் போயிருக்கலாம். தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித் தருவது டிஎன்எஸ். விளம்பரத்தைத் தடுக்க எப்போதோ போட்ட 'பிரைவேட் டிஎன்எஸ்' முகவரி செத்துப்போயிருந்தால், எல்லாம் சரியாக இருந்தும் ஒரு பக்கம்கூடத் திறக்காது. அதை 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றினால் போதும். இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் விபிஎன் ஆப் ஏதாவது ஓடுகிறதா என்றும் பாருங்கள். போனில் தேதி தப்பாக இருந்தாலும் பல தளங்கள் திறக்க மறுக்கும்.

நம் பக்கத்து வீடுகளுக்கென்றே ஒரு காரணம் இருக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தடித்த சுவர்கள், முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவரை நீளும் அமைப்பு. வெயிலுக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது. சிக்னலுக்கு இது சோதனை. அலைவரிசை உயர உயர சுவரைத் துளைத்து வரும் திறன் குறையும். இந்தியாவில் 5ஜி பெரும்பாலும் ஓடுவது 3300 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் உள்ள அலைவரிசையில். அது முகப்பில் நன்றாக இருக்கும், இரண்டாம் கட்டில் காணாமல் போகும். அடுப்படியில் நின்றுகொண்டு ஏபிஎன்னை எத்தனை முறை மாற்றினாலும் இதற்குத் தீர்வு வராது. முதலில் வாசலுக்கு வந்து பாருங்கள். அங்கே நெட் ஓடினால் செட்டிங் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் வைஃபை காலிங்கை (டவருக்குப் பதில் வைஃபை வழியாகப் பேசும் வசதி) ஆன் செய்துகொள்வது உள்கட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு உண்மையான உதவி.

வாசலிலும் வரவில்லையா? அந்த சிம்மைக் கழற்றி வேறொரு போனில் போட்டுப் பாருங்கள். அங்கே ஓடினால் கோளாறு உங்கள் போனில். அங்கேயும் ஓடாவிட்டால் சிம்மில் அல்லது நிறுவனத்தின் பக்கத்தில். இந்த ஒரு சோதனை எல்லா யூகங்களையும் மிச்சப்படுத்தும். பிஎஸ்என்எல் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பழைய 2ஜி, 3ஜி காலத்து சிம் 4ஜி-க்கு உதவாது, மாற்ற வேண்டும். பிஎஸ்என்எல்-லின் உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜி சேவை 2025 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனால் கையில் இருப்பது பழைய சிம் என்றால் ஏபிஎன்னை எப்படி எழுதினாலும் 4ஜி வராது.

எழுதும்போது நடக்கும் தவறுகள்

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய், மொபைல் நெட்வொர்க், அதற்குள் சிம், அதற்குள் 'ஆக்சஸ் பாயிண்ட் நேம்ஸ்'. உள்ளே போனதும் எதையும் தொடுவதற்கு முன் இருக்கும் பதிவுகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அப்புறம், இருக்கும் பதிவைத் திருத்தாதீர்கள். கூட்டல் குறியைத் தொட்டுப் புதிதாக ஒன்றைச் சேருங்கள்.

மேலே 'நேம்' என்று ஒரு கட்டம், அதன் கீழே 'ஏபிஎன்' என்று ஒரு கட்டம். முதல் கட்டத்தில் உங்களுக்குப் பிடித்த எந்தப் பெயரும் இருக்கலாம், அது உங்கள் அடையாளத்துக்கு மட்டும். இரண்டாவதுதான் உயிர்நாடி. பலர் இரண்டையும் மாற்றி எழுதிவிடுகிறார்கள். ஜியோவுக்கு 'ஜியோநெட்' (jionet), பிஎஸ்என்எல்-லுக்கு 'பிஎஸ்என்எல்நெட்' (bsnlnet). ஏர்டெலுக்கு மட்டும் 'ஏர்டெல்ஜிபிஆர்எஸ்' என்று எழுதி ஒரு புள்ளி, பிறகு 'காம்' (airtelgprs.com). வி-க்கு (வோடஃபோன் ஐடியா) வெறும் மூன்று டபிள்யூ (www). எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல். இடைவெளிதான் கண்ணுக்குத் தெரியாத எதிரி. கீபோர்டு பரிந்துரைக்கும் சொல்லைத் தொட்டால் அது வார்த்தைக்குப் பின்னால் ஒரு இடைவெளியையும் சேர்த்துவிடும். வாட்ஸ்அப்பிலிருந்து காப்பி செய்து ஒட்டினாலும் இதேதான். ஆகவே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுங்கள்.

மற்றக் கட்டங்களில் பெரும்பாலானவை காலியாக இருக்க வேண்டியவை. யூசர்நேம், பாஸ்வேர்டு, பிராக்ஸி, போர்ட், சர்வர் எல்லாம் காலி. காலியாக விடுவது அரைகுறை வேலை போலத் தோன்றுவதால் எதையாவது நிரப்பப் பார்க்கிறார்கள். வேண்டாம். பிராக்ஸி என்பது உங்களுக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் சர்வர். ஜிபிஆர்எஸ் என்ற பழைய 2ஜி இணையக் காலத்தில் பிராக்ஸி எண் கொடுத்த நிறுவனங்கள் இருந்தன. அந்தப் பழைய குறிப்புகள் இன்னும் சுற்றுகின்றன. இன்று அதைப் போட்டால் உலாவி தடுமாறும், அல்லது மொத்தமாக நின்றுவிடும்.

நாட்டு எண் (எம்சிசி), நிறுவன எண் (எம்என்சி) இரண்டையும் போனே சிம்மிலிருந்து எடுத்து எழுதியிருக்கும். அதைத் தொடவே கூடாது. போன் பட்டியலைக் காட்டும்போது சிம்மோடு அந்த எண்கள் பொருந்தும் பதிவுகளை மட்டுமே காட்டும். ஒரு இலக்கம் மாறினாலும் நீங்கள் சேர்த்த பதிவு பட்டியலிலிருந்து மறைந்துவிடும். "சேவ் பண்ணினேன், காணோம்" என்று வருபவர்கள் பலருக்கு நடந்தது இதுதான்.

'ஏபிஎன் புரோட்டோகால்' என்ற இடத்தில் ஐபிவி4, ஐபிவி6 (இணைய முகவரியின் பழைய, புதிய முறைகள்) இரண்டும் சேர்ந்ததைத் தேர்ந்தெடுங்கள். 2016-இல் தொடங்கிய ஜியோ ஐபிவி6-ஐப் பெரிதும் நம்பிக் கட்டப்பட்டது. அங்கே ஐபிவி4 மட்டும் என்று வைத்தால் சிக்கல் வரலாம். இந்த ஏபிஎன் எந்த வகை நெட்வொர்க்கில் செல்லும் என்று குறிக்கும் 'பேரர்' என்ற இடத்தில் எல்டிஇ (அதாவது 4ஜி) என்று டிக் செய்தால் வேகம் கூடும் என்பது தவறான நம்பிக்கை. அப்படிச் செய்தால் போன் 4ஜி விட்டு இறங்கும் இடத்தில் அந்த ஏபிஎன் பயன்படாது, நெட் நின்றுவிடும். 'அன்ஸ்பெசிஃபைடு' என்றே இருக்கட்டும்.

கடைசியில் சேவ் செய்யும் இடத்தில் ஒரு இடறல். சில போன்களில் பின்னால் வந்தாலே பதிவாகும், பலவற்றில் ஆகாது. சென்னையிலிருந்து பேரன் போனில் சொல்லிக்கொடுக்கிறான் என்று வையுங்கள். "மேல மூணு புள்ளி இருக்கும் அப்பத்தா, தொட்டீங்களா?" "தொட்டேன்யா, என்னமோ இங்கிலீசுல ரெண்டு வரி வருது." "அதுல சேவ்னு இருக்கிறதைத் தொடுங்க. வெளியே வந்ததும் புதுப் பேருக்குப் பக்கத்துல வட்டம் இருக்கும், அதையும் தொடணும்." அந்த வட்டத்தைத் தொடாவிட்டால் பதிவு சும்மா இருக்கும், போன் பழையதையே பயன்படுத்தும். தொட்டபின் ஏர்பிளேன் மோடை ஒரு முறை போட்டு எடுத்தால் புது இணைப்பு கிடைக்கும்.

பேச்சையே நிறுத்திவிடும் தவறு

இது எல்லாவற்றிலும் கடுமையானது. சில போன்களில் ஏபிஎன் பட்டியலில் இணையத்துக்கான பதிவோடு 'ஐஎம்எஸ்' என்று இன்னொன்றும் தெரியும். வோல்டி அழைப்புகள், அதாவது 4ஜி வழியாகவே பேசும் அழைப்புகள், அதன் வழியாகத்தான் போகின்றன. "தேவையில்லாத பதிவு" என்று நினைத்து இதை அழித்துவிடுகிறார்கள். ஏர்டெல், பிஎஸ்என்எல் போன்றவற்றில் போன் 2ஜி-க்கு இறங்கிப் பேச்சைச் சமாளிக்கும், ஆனால் பேசும் நேரத்தில் நெட் நிற்கும். ஜியோவுக்கு 2ஜி-யும் இல்லை, 3ஜி-யும் இல்லை. அங்கே ஐஎம்எஸ் போனால் அழைப்பே போகாது. தனியாக இருக்கும் ஒரு பெரியவரின் போனில் இப்படி நடந்தால் ராத்திரி ஒரு அவசரம் என்றால் என்ன செய்வார்? பெரிய வீட்டில் ஒற்றை ஆளாக இருக்கும் ஆச்சிமார் நம் ஊர்களில் எத்தனை பேர்! தயவுசெய்து அந்தப் பதிவைத் தொடாதீர்கள்.

இதனோடு சேர்ந்தது 'ஏபிஎன் டைப்' என்ற கட்டம். இந்தப் பதிவு எந்தெந்த வேலைக்கு என்று சொல்லும் இடம் அது. அதில் 'டீஃபால்ட்', ஒரு காற்புள்ளி, 'எஸ்யுபிஎல்' (default,supl) என்று இடைவெளி விடாமல் எழுதினால் இணையத்துக்குப் போதும். ஹாட்ஸ்பாட் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் இன்னொரு காற்புள்ளி போட்டு 'டியுஎன்' (dun) சேர்த்துப் பார்க்கலாம்.

ரகசியக் குறியீடு அடித்துத் திறக்கும் மெனுவில் 'எல்டிஇ ஒன்லி' என்று வைப்பதும் இதே வகைத் தவறு. வோல்டி சரியாக இல்லாத போனில் அழைப்புகள் வராமல் போகும், வரவில்லை என்பதே உங்களுக்குத் தெரியாது.

வேகம் கூட்டும் ஏபிஎன் என்று ஒன்று இல்லை

"இந்த ஏபிஎன் போட்டால் 4ஜி-யில் 5ஜி வேகம்" என்று வரும் வீடியோக்களை நம்பாதீர்கள். சர்வர் கட்டத்தில் கூகுள் முகவரியை எழுதச் சொல்கிறார்கள். அது வேகத்துக்கு எதுவும் செய்யாது. வேகத்தைத் தீர்மானிப்பது டவரின் தூரம், அதே டவரில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எந்த அலைவரிசை, என்ன பிளான் என்பவைதான். திருவிழா நேரத்தில் ஊர் நிறைந்திருக்கும்போது நெட் மெதுவாவது இதனால்தான். ஜியோ 5ஜி வேண்டுமென்றால் போன் 4ஜி-யின் துணையில்லாமல் தனித்தியங்கும் 5ஜி முறையை ஏற்க வேண்டும். ஏபிஎன் அதை உருவாக்கித் தராது.

பயனில்லாததோடு போனால் பரவாயில்லை. முன்பின் தெரியாதவர் கொடுத்த பிராக்ஸி எண்ணைப் போட்டால் உங்கள் இணையப் போக்குவரத்து அவருடைய சர்வர் வழியாகப் போகும். குறியாக்கம் இல்லாத தகவலை அவர் படிக்கலாம். நீங்கள் எந்தத் தளங்களுக்குப் போகிறீர்கள் என்று பார்க்கலாம். 2019-இல் செக் பாயிண்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இன்னொரு வழியையும் காட்டினார்கள். நிறுவனம் அனுப்பியது போன்ற போலி செட்டிங் மெசேஜை அனுப்பி, பயனர் அதை ஏற்றுக்கொண்டால் சில ஆண்ட்ராய்டு போன்களின் பிராக்ஸியை மாற்ற முடிந்தது. நீங்கள் கேட்காமல் வரும் செட்டிங் மெசேஜை 'இன்ஸ்டால்' செய்யாதீர்கள். "நெட் சரி பண்ணித் தரேன்" என்று அழைத்து ஸ்கிரீன் பகிரும் ஆப் போடச் சொன்னால் உடனே அழைப்பைத் துண்டியுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

வெளிநாட்டு சிம், ஐபோன்

சிங்கப்பூர் சிம்மோடு ஊருக்கு வந்திருப்பவர் இந்திய ஏபிஎன்னை எழுதக் கூடாது. ரோமிங்கில் இருந்தாலும் சிம் கொடுத்த நிறுவனத்தின் ஏபிஎன்தான் செல்லும். அவருக்குத் தேவை 'டேட்டா ரோமிங்' ஆன் ஆக இருப்பது. ரோமிங் பேக் இருக்கிறதா என்று பார்த்தபின் ஆன் செய்யட்டும், இல்லையென்றால் கட்டணம் எகிறும்.

ஐபோனில் மொபைல் டேட்டாவுக்குள் 'மொபைல் டேட்டா நெட்வொர்க்' என்று இருக்கும், நிறுவனம் அனுமதித்திருந்தால் மட்டும். தெரியவில்லை என்றால் போன் கெட்டுப்போகவில்லை. வெளிநாட்டு நிறுவனத்தின் பழைய புரொஃபைல் ஏதாவது செட்டிங்ஸில் தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அது இருக்கும்வரை அதன் ஏபிஎன்தான் செல்லும். நீக்கியபின் சரியாகிவிடுவது உண்டு.

குழம்பிவிட்டால் ஏபிஎன் பக்கத்தின் மூன்று புள்ளியில் 'ரீசெட் டு டீஃபால்ட்' இருக்கிறது, அது ஏபிஎன் பட்டியலை மட்டும் பழையபடி ஆக்கும். 'ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ்' வைஃபை பாஸ்வேர்டுகளையும் புளூடூத் இணைப்புகளையும் சேர்த்து அழிக்கும். ஃபேக்டரி ரீசெட் இதற்குத் தேவையே இல்லை. பேரப்பிள்ளைகளின் படங்கள் எல்லாம் அதோடு போய்விடும்.

இதற்கும் சரியாகாவிட்டால் உங்கள் நிறுவனத்தின் சிம்மிலிருந்தே 198-ஐ அழைத்துப் புகார் பதியுங்கள், கட்டணம் இல்லை. வேறொரு போனில் சிம்மைப் போட்டுப் பார்த்ததையும், வாசலில் நின்று பார்த்ததையும் சொல்லுங்கள். அவர்கள் கொடுக்கும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் அந்த எண்ணை வைத்து அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அதற்கும் கட்டணம் கிடையாது.