செல்வளர்ப்புக் கோழியை முதல்முறை சுவைக்க வைப்பது எப்படி?

கோழியின் செல்லை எஃகுத் தொட்டியில் வளர்த்துச் செய்யும் இந்த இறைச்சியை விற்க, சிங்கப்பூர் அரசு 2020 டிசம்பரிலேயே அனுமதி கொடுத்துவிட்டது. வாடிக்கையாளரின் நாக்குதான் இன்னும் தயங்குகிறது.

சுவை மேசையில் எஃகுத் தொட்டிப் படங்களை வைக்காதீர்கள், பசியே போய்விடும். ஆளுக்கு 15 கிராம் துண்டு, பழகிய கறி மசாலாவில். வெறுமனே வேகவைத்தால் கோழியின் நார்ப்பதம் இல்லாதது உடனே தெரியும். உள்வெப்பம் 75 டிகிரியைத் தொட்டதும் இறக்கிச் சுடச்சுடக் கொடுங்கள்.

இது என்னவென்று வாயில் வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். தின்றபின் சொன்னால் ஏமாற்று வேலை. 2024-ல் சில்லறை விற்பனைக்கு வந்த பொருளில் விலங்குச் செல் 3% மட்டுமே, மீதி பெரும்பாலும் தாவரப் புரதம். அந்த 3-ஐப் பெரிய எழுத்தில் போடுங்கள். பிறகு அவர்களாகக் கண்டுபிடித்தால் திரும்பி வரமாட்டார்கள். ஒவ்வாமைப் பட்டியலும் கையில் இருக்கட்டும்.

"ஹலாலா?" என்று கட்டாயம் கேட்பார்கள். ஹலால் விலங்கின் செல்லாக இருந்து, மற்ற சேர்மானங்களும் தூய்மையாக இருந்தால் உண்ணலாம் என்று முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) 2024-ல் தீர்ப்பளித்தது. அது பொது விதி. உங்கள் பொருளுக்குச் சான்றிதழ் தனியாக வேண்டும். சைவமா என்றால், இல்லை. மழுப்பாதீர்கள்.

"உடம்புக்கு நல்லது" என்று மட்டும் வாய்விட்டுவிடாதீர்கள்.