காலையில் அடம்பிடிக்கும் பழைய எம்.பி.எஃப்.ஐ கார்: எங்கே தேடுவது?

பெங்களூரில் டிசம்பர் காலை என்றால் 15, 16 டிகிரி இருக்கும். இந்தக் குளிருக்கே பழைய எம்.பி.எஃப்.ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும் வகை) பெட்ரோல் கார் கிளம்ப மறுத்தால், பழி குளிர் மேல் இல்லை. ஜே.சி. ரோட்டில் பாகம் வாங்க ஓடும் முன் வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஆனால் இரவு முழுக்க நின்ற வண்டியில்தான் பார்க்க வேண்டும். ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போனால் வழியிலேயே எஞ்சின் சூடாகிவிடும், மெக்கானிக்கும் "நல்லாத்தானே சார் இருக்கு" என்பார்.

முதலில் பேட்டரி. செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் 9.6-க்குக் கீழே இறங்கினால் மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

அடுத்து, சாவியை ஆன் வரை மட்டும் திருப்புங்கள். பின்சீட் பக்கம், எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப் இரண்டு மூன்று விநாடி முனகும். ஆஃப் செய்து இதையே மூன்று முறை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இப்போது உடனே பிடித்தால், இரவில் பெட்ரோல் அழுத்தம் இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம். பம்ப்பின் வால்வு அல்லது ஒழுகும் இன்ஜெக்டர் காரணமாக இருக்கும்.

அதுவும் இல்லையா? கூலன்ட் சென்சாருக்கு வாருங்கள், எனக்கு முதல் சந்தேகம் எப்போதும் இதன் மேல்தான். எஞ்சின் எவ்வளவு சூடு என்று ஈ.சி.யூ.வுக்கு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கு, சொல்வது இதுதான். குளிர்ந்த எஞ்சினைச் சூடு என்று சொன்னால் பெட்ரோல் போதாமல் வண்டி கிளம்பாது. சூடான பிறகும் குளிர் என்றே சொன்னால் கரும்புகை, பெட்ரோல் வாடை, மைலேஜ் இழப்பு. கனெக்டரைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். பிறகு சென்சாரில் மல்டிமீட்டர் வையுங்கள்: பல கார்களில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவில் காட்டும். சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். டாஷ்போர்டின் வெப்ப முள் சரியாக இருப்பதை நம்ப வேண்டாம், சில வண்டிகளில் முள்ளுக்குத் தனி சென்சார். ஈ.சி.யூ.வைப் படிக்கும் ஸ்கேனர் வேலை செய்யும் வண்டி என்றால் இன்னும் சுலபம்: ஸ்டார்ட் செய்யும் முன் கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும்.

கிளம்பியும் ஆக்சிலரேட்டரை மிதித்தால்தான் எஞ்சின் அணையாமல் ஓடுகிறதா? எஞ்சினுக்குக் காற்று விடும் த்ராட்டில் பாடியிலும் ஐடில் வால்விலும் கரி படிந்திருக்கும், சுத்தம் செய்யுங்கள்.

கடைசியாக தெர்மோஸ்டாட், எஞ்சின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு. சில்க் போர்டு நெரிசலில் ஏறும் முள் ஓசூர் ரோட்டில் வேகம் பிடித்ததும் இறங்கினால், அது திறந்தபடி மாட்டியிருக்கிறது. "நம்ம ஊருக்கு இது தேவையில்லை" என்று கழற்றிப்போடும் மெக்கானிக்குகள் உண்டு, சம்மதிக்காதீர்கள். எஞ்சின் ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் தொடுங்கள். புதியதை மாட்டும்போது கேஸ்கட்டையும் மாற்றி, கூலன்ட் ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றிவிடுங்கள்.