விழித்திரைப் புற்றுநோய் வந்த குழந்தைக்குக் குடும்ப வரைபடம் எழுதும் முறை

குழந்தையின் கண்மணி பூனைக்கண் போல வெள்ளையாக ஒளிர்வதைக் கண்டு மருத்துவரிடம் சென்று, அது ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்றுநோய் என்று உறுதியானபின், சிகிச்சையைத் தாமதிக்காமல் தொடங்கிவிட்டு, இரு வீட்டாரின் மூன்று தலைமுறைகளையும் ஒரு தாளில் வரையுங்கள்.

13ஆம் குரோமோசோமில் உள்ள ஆர்பி1 மரபணுவின் இரண்டு படிகளும் (பிரதிகளும்) பழுதானால்தான் பெரும்பாலும் இந்நோய் தோன்றும். சில குழந்தைகளுக்கு முதல் பழுது கருவிலேயே உடல் முழுதும் இருக்கும். மற்றவர்களுக்கு இரண்டுமே விழித்திரையின் ஒரு செல்லில் பின்னர் நேர்பவை. இரண்டு பழுதுகள் சேர வேண்டும் என்னும் இந்த விளக்கத்தை அமெரிக்க மரபியல் அறிஞர் ஆல்ஃபிரட் நட்சன் 1971இல் முன்வைத்தார்.

கொங்கு நாட்டில் கூட்டம் என்னும் குலப்பிரிவையும் குலதெய்வத்தையும் வைத்து வம்சத்தை ஒப்பிக்கும் பெரியவர்கள் பலர் உண்டு. ஆனால் அந்தக் கணக்கு ஆண்வழியை மட்டுமே பின்தொடர்கிறது. இந்தப் பழுதோ தாய்வழியாகவும் அதே அளவில் வரக்கூடியது. ஆகவே அப்பாரையும் ஆத்தாவையும் (தந்தைவழித் தாத்தா பாட்டியை) எழுதிய கையோடு அப்புச்சியையும் அம்மாயியையும் (தாய்வழித் தாத்தா பாட்டியை), கட்டிக்கொடுத்துப் போன அத்தைகளின் பிள்ளைகளையும் சேர்த்து எழுதுங்கள். "புற்றுநோய் யாருக்காவது உண்டா" என்று கேட்டால் இல்லையென்றே சொல்வார்கள். சிறு வயதில் கண்ணை எடுத்தவர், கண் பிதுங்கி இறந்த குழந்தை, இளவயதில் எலும்புப் புற்றால் காலை இழந்தவர் எவரேனும் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

மாமன் மகளை மணந்ததால்தான் வந்தது என்று எவரேனும் பழி சொன்னால் ஏற்காதீர்கள். பெற்றோரில் ஒருவரிடமிருந்து பழுதான ஒரு படி வந்தாலே, மற்றது பின்னர் பழுதாகும் ஆபத்து இருப்பதால், சொந்தத்தில் மணந்தது இதற்குக் காரணமன்று. பெரும்பாலான குழந்தைகளின் குடும்பத்தில் முன்பு எவருக்கும் இந்நோய் இருந்ததுமில்லை.

பவானியிலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ கோவைக்குச் சிகிச்சைக்கு வரும்போது இந்தத் தாளையும் கொண்டுவந்து மரபியல் ஆலோசனை கேளுங்கள். முதலில் நோயுற்ற குழந்தையின் இரத்தத்தையே சோதிக்க வேண்டும். கண்ணை அகற்ற நேர்ந்தால், கட்டியின் ஒரு பகுதியை மரபணுச் சோதனைக்காகப் பாதுகாக்குமாறு அறுவைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். இரு கண்களிலும் கட்டி இருந்தால் அது பிறவிப் பழுது என்றே கொள்ளலாம். அத்தகைய குழந்தைக்குக் கதிர்வீச்சு பிற்காலத்தில் வேறு புற்றுகளைத் தூண்டக்கூடும் என்பதால், மருத்துவர்கள் இயன்றவரை அதைத் தவிர்த்து மருந்து, லேசர், உறைசிகிச்சை (கட்டியை உறையவைத்து அழிப்பது) ஆகியவற்றை நாடுவார்கள். முடிவு வரும்வரை தம்பி தங்கைகளின் கண்களையும், பெற்றோரின் கண்களையும், கண்மணியை மருந்திட்டு விரித்துப் பரிசோதிக்கச் செய்யுங்கள்.

பழுதுள்ளவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது சேர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. அதனால் சோதனை முடிவையும் வரைபடத்தையும் ஒன்றாக வைத்திருந்து, பிள்ளை வளர்ந்து திருமணப் பேச்சு தொடங்குமுன் அவர் கையிலேயே கொடுங்கள்.