காரைக்குடியிலிருந்து தேசியப் போட்டிக்கு: மாவட்ட செலக்ஷனைத் தாண்டுவது எப்படி?

பிள்ளை கூடைப்பந்தைத் தொட்டு ஆறு மாதம் ஆகியிருக்காது, அப்பா வந்து கேட்பார்: "நேஷனல் போக என்ன சார் செய்யணும்?" அந்த ஆசை இருக்கிற வீட்டுப் பிள்ளைதான் மழை விட்ட மறுநாளும் கிரவுண்டுக்கு வருகிறது, அதனால் எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடிக்கும். ஆனால் காரைக்குடியில் பல வருடமாகச் சாயங்காலம் சொல்லிக்கொடுத்துப் பார்த்ததில் ஒன்று தெரிகிறது: நம் பக்கத்துப் பிள்ளைகள் கோட்டை விடுவது மாவட்ட செலக்ஷன் நடக்கிற அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான். அதைத் தாண்டினால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி இல்லை, முழுக் கிணறும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

போகிற வழி இரண்டு. இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 13 வயதுக்குள் சப்-ஜூனியர், 16-க்குள் யூத், 18-க்குள் ஜூனியர் என்று தேசிய சாம்பியன்ஷிப் நடத்துகிறது. மாவட்ட அணியில் இடம் கிடைத்தால் மாநிலப் போட்டி, அங்கே கண்ணில் பட்டால் முகாம், முகாமிலிருந்து 12 பேருக்குத் தமிழ்நாட்டு ஜெர்சி. இன்னொன்று பள்ளி வழி: பக்கத்துப் பள்ளிகள் மோதுகிற குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம், அப்புறம் தேசியப் பள்ளி விளையாட்டு. அங்கே வயதுப் பிரிவு 14, 17, 19. இரண்டையும் விடாதீர்கள். முதலமைச்சர் கோப்பையிலும் கூடைப்பந்து இருக்கிறது, பெயர் கொடுத்துவிடுங்கள்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நமக்கு எல்லாம் ஒரே ஊர் மாதிரிதான், ஆனால் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் சிவகங்கை மாவட்டம். ராயவரம், கோனாபட்டு புதுக்கோட்டை மாவட்டம். பள்ளிப் போட்டிக்குப் பள்ளி இருக்கிற மாவட்டம்தான் கணக்கு. வீடு ஒரு மாவட்டம், பள்ளி இன்னொரு மாவட்டம் என்றால் முதல் வழியான கூட்டமைப்புப் போட்டிக்கு எங்கே பதிய வேண்டும் என்று பி.டி. சாரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். செலக்ஷன் அன்று காலையில் கேட்கிற கேள்வி இல்லை அது.

அடுத்தது காகிதம். என்னிடம் ஆடிய ஒரு பெண், 15 வயது, அந்தப் பக்கத்திலேயே அவள் அளவுக்கு வேகமாக ஓடி ரிங்குக்குப் போகிறவர் வேறு யாரும் கிடையாது. பிறப்புச் சான்றிதழில் வெறும் பெயர், பள்ளியில் பெயருக்கு முன்னால் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். மூன்றும் ஒரே ஆள்தானா என்று கேட்டு செலக்ஷனிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதல் பஸ் பிடித்துப் போனவள் ஷூவைக்கூட மாட்டாமல் திரும்பி வந்தாள், இன்றைக்கு நினைத்தாலும் மனசு ஆறவில்லை. அதனால் இந்த வாரமே மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஓர் எழுத்து மாறியிருந்தாலும் திருத்தக் கொடுங்கள். செலக்ஷன் சுற்றறிக்கை வந்ததும் எந்தத் தேதிக்குப் பிறகு பிறந்திருக்க வேண்டும் என்ற வரியை முதலில் படியுங்கள். அசல் ஒரு கோப்பில், நகல் இன்னொன்றில்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். செலக்ஷனில் முன்பின் தெரியாத ஐந்து பேரை ஒரு பக்கம் நிறுத்தி ஆடச் சொல்வார்கள். நம் பிள்ளை தூரத்திலிருந்து, மூன்று புள்ளி தருகிற 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்துகொண்டே இருக்கும், நாலில் ஒன்று விழும், அதோடு முடிந்தது. பார்க்கிறவர்கள் தேடுவது வேறு. பந்து பறிபோனதும் யார் திரும்பி ஓடுகிறார்கள், டிஃபென்ஸில் யார் வாய் திறந்து பேசுகிறார்கள், இடது கையால் யார் லேயப் (ஓடிவந்து குதித்து ரிங்குக்குப் பக்கத்தில் பந்தைப் போடுவது) போடுகிறார்கள். முதல் இரண்டும் மனசு வைத்தால் ஒரு மாதத்தில் வரும். மூன்றாவதுக்கு ஆறு மாதம் ஆகும், அதை இன்றே ஆரம்பிக்க வேண்டும்.

இடது கை லேயப்புக்கு முதலில் பந்தே வேண்டாம். ரிங்குக்கு இடது பக்கம் ஓர் எட்டு தள்ளி நில்லுங்கள். வலது காலை ஊன்றி, இடது முழங்காலையும் இடது கையையும் ஒரே கயிற்றில் கட்டி மேலே இழுத்த மாதிரி சேர்ந்து தூக்கிக் குதியுங்கள். இது பழகியதும் இரண்டு எட்டு: இடது, வலது, குதி. அதற்குப் பிறகுதான் பந்து, போர்டில் இருக்கிற கட்டத்தின் மேல் மூலையில் மெதுவாகத் தொட வையுங்கள். ஒரு நாளைக்கு ஐம்பது போதும், ஆனால் ஒரு நாளும் விடக் கூடாது. பந்தைத் தரையில் தட்டுகிற டிரிபிளிங்கை வீட்டு வளவில் ஆத்தங்குடிக் கல் தரையில் பழகாதீர்கள். கால் வழுக்கும், கல்லும் கெடும். பொட்டலில் மேடு பள்ளத்தில் தட்டிப் பழகின கைக்கு சிமெண்ட் கோர்ட்டில் பந்து சொன்னபடி கேட்கும்.

ரிங் உயரத்தை ஒரு தடவை டேப் வைத்து அளந்துவிடுங்கள். 3.05 மீட்டர் இருக்க வேண்டும். பழைய கம்பம் சாய்ந்து நாலு விரல் இறங்கிப்போன ரிங்கில் வருடம் முழுக்கப் பழகிவிட்டு, சரியான ரிங்கில் போய் எறிந்தால் எல்லாம் முன் கம்பியில்தான் அடிக்கும். யாரும் தடுக்காமல் நின்று எறிகிற ஃப்ரீ த்ரோ கோடு போர்டிலிருந்து 4.6 மீட்டர், சுண்ணாம்பில் போட்டுக்கொள்ளுங்கள். பையன்களுக்கு 7-ஆம் எண் பந்து, பெண்களுக்கு 6. சித்திரை, வைகாசியில் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து எட்டுக்குள் முடித்துவிடுங்கள், மற்றது சாயங்காலம்.

செலக்ஷன் அன்று ஆச்சி ஆசையாக வெள்ளைப்பணியாரமும் காரச் சட்னியும் எடுத்து வைப்பார்கள். அது ஆடி முடித்த பிறகு. ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் இட்லி, ஒரு மணி நேரம் முன்னால் ஒரு வாழைப்பழம், போதும்.

7, 8, 9, 11-ஆம் வகுப்புக்குப் போகிற பிள்ளை என்றால் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதித் தேர்வையும் விசாரியுங்கள். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அங்கேயே. பெண் பிள்ளையை வெளியூர் அனுப்பத் தயங்குகிற வீடுகளில் நான் அனிதா பால்துரையைப் பற்றிச் சொல்வேன். சென்னையில் ஆடத் தொடங்கி இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர், 2021-இல் பத்மஸ்ரீ வாங்கியவர். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பதையும் சேர்த்துச் சொன்னால் அப்பச்சி கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்.

பெயர் வரவில்லை என்றால் அங்கேயே நின்று, கூட்டம் கலைந்ததும் தேர்வாளரிடம் போய், "சார், அடுத்த வருடத்துக்குள் எதை ஒன்றைச் சரி பண்ணணும்?" என்று பிள்ளையையே கேட்க வையுங்கள், நீங்கள் கேட்காதீர்கள். அவர் சொன்னதை பஸ் ஏறுவதற்குள் ஒரு நோட்டில் எழுதி, மறுநாள் காலை பி.டி. சாரிடம் காட்டச் சொல்லுங்கள்.