லண்டனில் நடந்தே ஒரு பப் உலா: ஹட்டன் கார்டனிலிருந்து பிளாக்ஃபிரையர்ஸ் வரை

ஒரே மாலையில் நாலைந்து பப்புகளுக்கு நடந்தே போவது, ஒவ்வொன்றிலும் ஒரு கிளாஸ், அப்புறம் அடுத்த கடை. இதைத்தான் லண்டனில் பப் க்ரால் என்கிறார்கள். புதிதாகப் போகிறவர்கள் பட்டியலைப் பெரிதாக்கிக்கொண்டு மூன்றாவது கடையிலேயே தள்ளாட ஆரம்பித்துவிடுகிறார்கள். மப்பு ஏறிவிட்டால் கடைசி இரண்டு பப்புகளில் சுவர் எப்படி இருந்தது என்றுகூட நினைவிருக்காது. இந்தப் பாதையில் பார்க்க வேண்டியதே அந்தச் சுவர்கள்தான். நான்கே கடை, ஒன்றரை கிலோமீட்டருக்குள் நடை.

முதலில் நாள், அப்புறம் ஆள்

இது அலுவலகப் பகுதி. சனி, ஞாயிறு வெறிச்சோடிவிடும். முதல் கடை பெரும்பாலும் வார இறுதியில் பூட்டியே இருக்கும். வியாழன் மாலை வேலை முடிந்த கூட்டம் நடைபாதை வரை நிற்கும். செவ்வாய் அல்லது புதன், ஐந்து மணிக்குத் தொடங்குங்கள். மூன்று நான்கு பேர் போதும். ஏன் என்பது கீழே வரும். வயது 18 ஆகியிருக்க வேண்டும். முகம் 25-க்குக் குறைவாகத் தெரிந்தாலே அடையாள அட்டை கேட்பார்கள், மறக்காமல் எடுத்துப் போங்கள். வயிற்றில் ஏதாவது போட்டுக்கொண்டு கிளம்புங்கள். நம் ஊர் பார் மாதிரி சுண்டல், ஆம்லெட் என்று சைடு டிஷ் வந்துகொண்டே இருக்காது.

கவுன்டரில் எப்படி வாங்குவது

இதைக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மேசையில் உட்கார்ந்து ஆளுக்காகக் காத்திருந்தால் யாரும் வர மாட்டார்கள். எழுந்து போய்க் கவுன்டரில் நிற்க வேண்டும். அங்கே வரிசை என்று கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் தனக்கு முன்னால் யார் வந்தார் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும், உள்ளே நிற்பவருக்கும் தெரியும். கை ஆட்டுவது, ரூபாய் நோட்டை நீட்டுவது போல அங்கே பவுண்டு நோட்டை நீட்டுவது, கூப்பிடுவது எதுவும் வேண்டாம். அவர் கண்ணைப் பார்த்தால் போதும். உங்களைக் கேட்கும்போது உண்மையில் பக்கத்தில் இருப்பவர் முறை என்றால், "இவர் முதலில்" என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தைக்கு அங்கே நல்ல மதிப்பு உண்டு. வாங்கும்போதே பணம் கொடுத்துவிட வேண்டும்; டிப்ஸ் எதிர்பார்க்க மாட்டார்கள்.

அளவு: ஒரு பைன்ட் 568 மி.லி., ஆஃப் பைன்ட் 284. இந்த உலாவுக்கு ஆஃப் மட்டும். 4 சதவீத பீரில் நான்கு ஆஃப் என்றால் சுமார் நாலரை யூனிட் (மதுவில் உள்ள ஆல்கஹாலை அங்கே அளக்கும் கணக்கு). நான்கு பைன்ட் என்றால் ஒன்பதைத் தாண்டிவிடும். வாரத்துக்கே 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்பது அந்நாட்டு அரசு மருத்துவ சேவையின் அறிவுரை.

ரவுண்ட் முறையும் உண்டு. ஒருவர் எல்லாருக்கும் வாங்குவார், அடுத்த முறை இன்னொருவர். எட்டுப் பேர் போனால் எட்டு ரவுண்ட், யாரும் நடுவில் நழுவ முடியாது. அதனால்தான் சின்னக் கூட்டம். குடிக்காதவருக்கு லைம் சோடாவோ ஆல்கஹால் இல்லாத பீரோ கிடைக்கும், ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

கவுன்டரில் நீளமான கைப்பிடிகள் தெரிந்தால் அது கேஸ்க் ஏல், அதாவது பீப்பாயிலேயே பதமாகும் பழைய பாணி பீர். நிலவறைக் குளிர்ச்சியில், அதாவது 11 முதல் 13 டிகிரியில், நுரை குறைவாக வரும். ஜில்லென்ற பீருக்குப் பழகிய நாக்குக்கு முதல் வாய் சப்பென்றுதான் இருக்கும். இரண்டாவது வாயில் முடிவு செய்யுங்கள். கொஞ்சம் ருசி பார்க்கலாமா என்று கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். சைவம் கண்டிப்பானவர்களுக்கு ஒன்று: இந்த ஏலைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்க்கும் வழக்கம் உண்டு. விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

நடக்கும் வழி

1. சான்சரி லேன் ரயில் நிலையத்திலிருந்து ஹட்டன் கார்டன். வைர வியாபாரத் தெரு. நகைக்கடைகளுக்கு நடுவே ஓர் ஆள் நுழையும் சந்து. தவறவிடுவது மிகச் சுலபம். உள்ளே 'யே ஓல்டு மைட்டர்'. ஈலி என்ற ஊரின் பிஷப்பின் பணியாட்களுக்காக 1546-இல் தொடங்கியது. இப்போதுள்ள கட்டடம் பிந்தையது. முன் அறை மூலையில் ஒரு பழைய செர்ரி மரத்தின் அடித்தண்டைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். முதலாம் எலிசபெத் ராணி அதைச் சுற்றி ஆடினார் என்பது கதை. நம்ப வேண்டிய கட்டாயமில்லை.

2. ஷூ லேன் வழியே தெற்கே இறங்கினால் ஃப்ளீட் தெரு. ஒரு காலத்துப் பத்திரிகைத் தெரு; 1980-களில் பத்திரிகைகள் கிளம்பிப் போய்விட்டன. வலப்பக்கம் திரும்பினால் 'யே ஓல்டு செஷையர் சீஸ்', 1666-இல் லண்டனை எரித்த பெருந்தீக்குப் பிறகு மறுபடி கட்டியது. வாசலும் ஒரு சந்துக்குள்தான். உள்ளே சின்னச் சின்ன அறைகள், கீழே கல் வளைவு நிலவறை. தலையைக் குனிந்தே இறங்குங்கள். சாமுவேல் ஸ்மித் நிறுவனத்தின் கடை என்பதால் அவர்களுடைய பீர் மட்டும்தான். பாட்டு, டிவி கிடையாது, கைபேசியையும் விரும்ப மாட்டார்கள். இங்கே வளர்ந்த பாலி என்ற கிளி 1926-இல் செத்தபோது பத்திரிகைகள் இரங்கல் செய்தி போட்டன.

3. தெருவின் எதிர்ப்பக்கம், கொஞ்சம் கிழக்கே 'ஓல்டு பெல்'. கால் வலித்தால் உட்காரலாம், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

4. அப்படியே கிழக்கே போய் லட்கேட் சர்க்கஸ் என்ற நாற்சந்தியில் வலப்பக்கம் திரும்பினால் முனையில் ஆப்பு வடிவத்தில் 'பிளாக்ஃபிரையர்'. டொமினிக்கன் துறவிகளின் மடம் இருந்த இடம். 1905-இல் தொடங்கி உள்ளேயும் வெளியேயும் பளிங்கு, மொசைக், செம்புப் புடைப்புகள் என்று இழைத்தார்கள். 1960-களில் இடிக்கப் பார்த்ததை எதிர்ப்புக் குரல்கள் தடுத்தன. செம்புத் தகடு ஒன்றில் துறவிகள் மீன் பிடிக்கிறார்கள். 'நாளை வெள்ளிக்கிழமை' என்று தலைப்பு. வெள்ளி என்றால் அவர்களுக்கு இறைச்சி இல்லை, மீன் உண்டு. நம் வீடுகளில் பலவற்றில் அதுவும் கிடையாது. பின்னால் உள்ள வளைவுக்கூரைச் சிற்றறையில் இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

சாப்பாட்டை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். சமையலறை பாரைவிடச் சீக்கிரம் மூடும். மூடும் நேரம் நெருங்கினால் மணி அடிப்பார்கள், அதுதான் கடைசி ஆர்டர். ரயில் நிலையம் தெருவைக் கடந்தால் வந்துவிடும். இங்கே வரும் டிஸ்ட்ரிக்ட், சர்க்கிள் என்ற சுரங்க ரயில் பாதைகளில் இரவு முழுக்க ஓடும் ரயில் இல்லை. கடைசி வண்டி எப்போது என்று உட்காரும்போதே பார்த்துவிடுங்கள்.