டிப்ஸ்டிக் குழாயைக் கழற்றும்போது

ஆயில் டிப்ஸ்டிக் (எஞ்சினில் ஆயில் அளவு பார்க்கும் கம்பி) செருகும் குழாயின் அடியில் கசிவு இருந்தால், பெரும்பாலும் அங்கே இருக்கும் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) காய்ந்து கெட்டியாகியிருக்கும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு டிப்ஸ்டிக்கை உருவி வைத்துவிட்டு, குழாயைப் பிடித்திருக்கும் பிராக்கெட் போல்ட்டைக் கழற்றுங்கள். சில எஞ்சின்களில் குழாய் நேராக ஆயில் பேனுக்குள் (எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) இறங்கும், அப்படியானால் முதலில் ஆயிலை வடித்துவிடுவது நல்லது.

இழுப்பதற்கு முன்னால் அடிப்பகுதியைச் சுற்றியுள்ள மண்ணையும் பிசுக்கையும் பிரஷ் போட்டுத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குழாய் வெளியே வந்த நொடியில் அவ்வளவும் எஞ்சினுக்குள் விழும். அப்புறம் இடமும் வலமுமாக லேசாகத் திருகிக்கொண்டே மேலே இழுக்க வேண்டும். வரவில்லையா, துரு நீக்கும் ஸ்பிரே அடித்துக் கொஞ்ச நேரம் விடுங்கள். பிளையரால் இறுக்கிப் பிடித்தால் நசுங்கிவிடும், அது மெல்லிய தகடுதானே. வெளியே வந்ததும் துளையைச் சுத்தமான துணியால் மூடிவிடுங்கள்.

மாட்டும்போது பழைய ஓ-ரிங் வேண்டவே வேண்டாம். புதியதில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் தடவி, குழாய் முழுதாக உட்காரும்வரை அழுத்திய பிறகுதான் போல்ட். ஓ-ரிங் இல்லாமல் இறுக்கமாகச் செருகும் வகை என்றால் அதற்கான சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை) தடவ வேண்டும். குழாய் சற்று மேலேயே நின்றுவிட்டால் டிப்ஸ்டிக்கும் மேலேயே நிற்கும், ஆயில் குறைவாகக் காட்டும், அதை நம்பி அளவுக்கு மீறி ஊற்றிவிடுவீர்கள்.