எல்லை தாண்டிப் பரிந்துரை கேட்கும் முன்

குன்னூரில் ஃபிரான்சைஸ் (ஒரு நிறுவனத்தின் பெயரில், ஒதுக்கப்பட்ட எல்லைக்குள் நடத்தும் கிளை) நடத்துபவர், அடுத்த கிளையின் எல்லையான கோத்தகிரியில் இருக்கும் உறவினரைப் பரிந்துரைக்குமாறு தம் வாடிக்கையாளரிடம் கேட்கும்போது, அந்த உறவினரின் எண்ணை வாங்காமல், தம் எண்ணைக் கொடுத்து அவரையே அழைக்கச் சொல்வது நல்லது. பல ஒப்பந்தங்கள் அடுத்தவர் எல்லைக்குள் ஆள் தேடிச் செல்வதைத் தடுக்கின்றனவே தவிர, தாமாக வருபவருக்குச் சேவை செய்வதைத் தடுப்பதில்லை. இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கெனத் தனிச் சட்டம் இல்லாததால், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்துக்கு உட்பட்டு, கையெழுத்திட்ட வாசகமே பெரும்பாலும் தீர்மானிக்கும். நிறுவனத்தின் மேலாளர் வாய்மொழியாகத் தரும் சம்மதத்தை நான் பொருட்படுத்தமாட்டேன். மறைமுகமாகக் கேட்பதற்கும் தடை இருந்தாலோ, வேலை நடக்கும் இடத்தின் அஞ்சல் குறியீட்டு எண்ணே எல்லையை முடிவு செய்யும் என்று எழுதியிருந்தாலோ இந்த வழி செல்லாது. அப்போது, குன்னூர்வாசி ஒருவரின் கோத்தகிரி வீட்டு வேலைகூட அடுத்த கிளைக்கே உரியது; பரிந்துரைத் தொகையை எழுத்தில் பேசிக்கொண்டு அதை அவர்களிடம் ஒப்படைத்துவிடலாம்.